ஒப்பாரிக் கோச்சி: பதுளையிலிருந்து தலைமன்னாருக்கு

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் செல்ஃபி எடுக்காத ஆள் எங்கள் பேட்ச்சில் இல்லை. ஆனால் அதே பாதையில் ஒரு காலத்தில் ஓடிய ரயிலை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி'ன்னு சொல்வாங்க. ஏன் அந்தப் பெயர்?

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கம் ரயில், நடுவில் கப்பல், இந்தப் பக்கம் ரயில். இரண்டு கரையும் பிரிட்டிஷார் கையில். தோட்டத்துக்கு ஆள் வேண்டும், அதனால் வழி திறந்தே இருந்தது. 1924இல் ரயில் பதுளையையும் தொட்டது.

சுதந்திரம் வந்ததும் கதை மாறியது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 7 பேர் போனால் 4 பேருக்கு உரிமை என்பது கணக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்கு 75,000ன்னு பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போக வேண்டிய சனத்திடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அதன் ரயில் பாதையையும் அழித்துவிட்டது. அதுக்காக ஒப்பந்தம் நிற்கவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை ஸ்டேஷன்களில் தகரப் பெட்டியோடு குடும்பங்கள் ஏறின. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கச்சிக்கு இலங்கைக் குடியுரிமை. கோச்சி நகர்ந்தால் பிளாட்ஃபாரத்தில் ஒப்பாரி. செத்த வீட்டில்தானே ஒப்பாரி வைப்போம்? திரும்பிப் பார்க்க முடியாத பிரிவும் சாவு மாதிரிதான்.

1984இல் போரால் கப்பல் நின்றது. போகாமல் மிஞ்சியவர்களின் நாடற்ற நிலைக்குத் தீர்வாக 2003இல் ஒரு சட்டம் வந்தது.

2023 ஜூலையில் இரு அரசுகளும் மறுபடி தரைவழி இணைப்பு பற்றிப் பேசின. வரட்டும், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் எங்களுக்கும் சொந்தங்கள் இருக்கிறார்கள். ஆனால் பாதையைப் பற்றிப் பேசும்போது, அதில் போகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 1964இல் விட்டது அதைத்தான்.