செர்வருக்கு நாடி பார்த்தவர்கள்

"செர்வர்களைக் கண்காணிக்க எந்தக் கருவி நல்லது?" பொட்டி தட்டுறவங்க நாலு பேர் டீக்கடையில நின்னா அஞ்சாவது நிமிஷம் இந்தக் கேள்வி வந்துடும். ஒருத்தர் நாகியோஸ்ம்பார். இன்னொருத்தர் ஸாபிக்ஸ்ம்பார். புதுசா வேலைக்குச் சேர்ந்த பையன் "ப்ரோமிதியஸ் இருக்கறப்ப மத்ததெல்லாம் எதுக்கு"ம்பான். மேனேஜர் மட்டும் "எதுங்க ஓசி?"ன்னு கேட்பார் :-)

வசதிப் பட்டியலை வச்சுப் பார்த்தா எல்லாக் கருவியும் ஒண்ணு போலத்தான் தெரியும். எல்லாரும் கிராஃப் போடுவாங்க, எல்லாரும் மெயில் அனுப்புவாங்க. ஆனா ஒவ்வொரு கருவியும் யாரோ ஒருத்தருக்கு வந்த ஒரு குறிப்பிட்ட தலைவலிக்கு மருந்தாப் பொறந்தது. அந்தத் தலைவலி என்னன்னு தெரிஞ்சுட்டா, அந்த மருந்து நமக்கு ஒத்துக்குமான்னு சொல்லிடலாம். அதுக்காகத்தான் இந்தச் சரித்திரப் பதிவு. கொசுவத்தியை 1983-க்குச் சுத்துவோம்.

இருக்கியா?

1983 டிசம்பர். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்துல மைக் மூஸ் என்பவர் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். நெட்வொர்க் ஏதோ கிறுக்குத்தனம் பண்ணுது, எங்கேன்னு தெரியலை. ஒரே சாயங்காலத்துல சுமார் ஆயிரம் வரி எழுதினார். எதிர்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பும், அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்லும். அவ்ளோதான். நீர்மூழ்கிக் கப்பலோட சோனார் போடுற சத்தத்தை நினைச்சு 'பிங்'னு பேர் வச்சார். இதுதான் தன்னோட பேர் சொல்லும் வேலையா ஆகப்போகுதுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கூட உட்கார்ந்திருப்பேன்னு பின்னாடி அவரே எழுதினார். 2000-ல் ஒரு கார் விபத்துல போய்ச் சேர்ந்துட்டார். அவர் எழுதினது இன்னைக்கும் எல்லா மெஷின்லயும் இருக்கு.

பிங் கேட்கறது ஒரே கேள்வி: இருக்கியா? பதில் வந்தா கம்ப்யூட்டர் உயிரோட இருக்கு. ஆனா மூச்சு விடுற ஆள் எல்லாம் ஆரோக்கியமா இருக்கான்னு அர்த்தமில்லையே. டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும், டிஸ்க் நிரம்பி வழியும், பிங் மட்டும் சமர்த்தா பதில் சொல்லிக்கிட்டே இருக்கும்.

அடுத்த படி 1988-ல் வந்தது. எஸ்என்எம்பி. ரவுட்டர், ஸ்விட்ச், செர்வர் எதுவா இருந்தாலும் ஒரே பாஷையில "உன் டிராஃபிக் எவ்வளவு, எத்தனை நாளா ஓடுற"ன்னு கேட்க ஒரு ஏற்பாடு. வேடிக்கை என்னன்னா, இதைத் தற்காலிக ஏற்பாடாத்தான் ஒத்துக்கிட்டாங்க. ஓஎஸ்ஐ தரத்துல பெரிய முறை ஒண்ணு வருது, அது வர்ற வரைக்கும் இதை ஓட்டுவோம்னு திட்டம். பெரியவர் வரவே இல்லை, திண்ணையில தங்க வந்தவர் வீட்டையே எடுத்துக்கிட்டார். ஆரம்ப வடிவங்கள்ல பாஸ்வேர்டு மாதிரி ஒரு சொல் உண்டு, பல கருவிகள்ல அது 'பப்ளிக்'னே போட்டு வரும், அதுவும் மறைக்காம அப்படியே கம்பியில போகும். மூணாவது வடிவத்துலதான் மறைகுறியாக்கம் ஒழுங்கா வந்தது.

இதை வச்சுப் பெரிய கம்பெனிகள் கடை விரிச்சாங்க. எச்பியின் ஓப்பன்வியூ, பிஎம்சியின் பேட்ரோல் இப்படி. 1996-ல் ஐபிஎம் 74 கோடி டாலருக்கு மேல கொடுத்து டிவோலியை வாங்கினது. அதே 1996-ல்தான் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் இவங்கல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச அட்வென்ட்நெட், சென்னையில உட்கார்ந்து இந்த எஸ்என்எம்பிக்கான மென்பொருள் எழுத ஆரம்பிச்சது. பின்னாடி மேனேஜ்எஞ்சின், ஆப்மேனேஜர் எல்லாம் அங்கிருந்து வந்தது. 2009-ல் கம்பெனி பேர் ஸோஹோ ஆச்சு. மெயிலும் கணக்கும் விற்கற கம்பெனின்னுதான் இன்னைக்குப் பலருக்கும் அதைத் தெரியும். அவங்க கையெழுத்து பழகினது செர்வர், ரவுட்டர்களுக்கு நாடி பிடிச்சுத்தான்.

எவ்வளவு நிறைஞ்சிருக்கு?

1994-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துல ஒரு பல்கலைக்கழகம். மொத்த வளாகத்துக்கும் வெளியுலகத்தோட இருந்த இணைப்பு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். "ஏன் இவ்ளோ ஸ்லோ"ன்னு எல்லாரும் கேட்காம இருப்பாங்களா? டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் பெர்ல்ல ஒரு நிரல் எழுதி, அந்த லைன்ல எவ்வளவு போக்குவரத்துன்னு கிராஃபா வரைஞ்சு வலைப்பக்கத்துல போட்டார். அதுதான் எம்ஆர்டிஜி. 1995-ல் எல்லாருக்கும் கொடுத்துட்டார். 1999-ல் அதோட வாரிசா ஆர்ஆர்டிடூல் வந்தது. பழைய கணக்கைச் சுருக்கிச் சுருக்கி வச்சுக்கும், ஃபைல் ஒரு அளவுக்கு மேல வளரவே வளராது. கண்காணிக்கற மெஷினே டிஸ்க் நிரம்பிச் சாகற கொடுமைக்கு அது முடிவு கட்டினது.

கிராஃப் நல்லதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கிராஃபைப் பார்த்துக்கிட்டு யார் உட்கார்ந்திருப்பா?

யாரை எழுப்பறது?

1996-ல் ஷான் மெக்கைர் 'பிக் பிரதர்' எழுதினார். ஒரே வலைப்பக்கம், கட்டம் கட்டமா விளக்குகள். பச்சைன்னா நலம், மஞ்சள்னா கவனம், சிவப்புன்னா ஆபத்து. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது ஊதா. "இந்த செர்வர்கிட்டேருந்து தகவலே வரலை"ன்னு அர்த்தம். அமைதியா இருக்கறது நல்ல செய்தி கிடையாது, அதுக்குன்னு தனி நிறம் வேணும்னு அன்னைக்கே ஒருத்தர் யோசிச்சிருக்கார். இந்த ஊதாவை ஞாபகம் வச்சுக்குங்க, கீழே வேலை இருக்கு.

அதே வருஷம் ஈதன் கால்ஸ்டாட் என்பவர் நாவெல் செர்வர்களை பிங் பண்ணி, பதில் வரலைன்னா பேஜருக்கு எண் அனுப்பற ஒரு டாஸ் நிரல் எழுதினார். அதை அடியொற்றி 1999-ல் 'நெட்செயின்ட்' வந்தது. பேர்ல சட்டச் சிக்கல் வர, 2002-ல் நாகியோஸ்னு மாத்தினார். நாகியோஸோட பெரிய பலம் ஒரு சின்ன ஒப்பந்தம். நீங்க எந்த மொழியில வேணா ஒரு சோதனை எழுதுங்க. கடைசியில 0 சொன்னா நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியலை. நாலே எண். உலகத்துல இருக்கற பாதி அட்மின்கள் ஆளுக்கொரு சோதனை எழுதித் தள்ளிட்டாங்க. 2009-ல் அதுலேருந்து ஐசிங்கா பிரிஞ்சு போனது. ஆனா அந்த நாலு எண் ஒப்பந்தம் மாறலை.

லாட்வியாவுல அலெக்ஸெய் விளாடிஷெவ் ஒரு வங்கியோட உள்வேலைக்காக 1998-ல் ஆரம்பிச்சது ஸாபிக்ஸ். 2001-ல் பொதுவுக்கு வந்தது. கிராஃப், அலாரம், சரித்திரக் கணக்கு எல்லாம் ஒரே டேட்டாபேஸ்ல. வங்கிக்காரங்க புத்தி, எல்லாம் ஒரே லெட்ஜர்ல இருக்கணும் :-)

வாடிக்கையாளருக்கு வலிக்குதா?

பத்து செர்வர் இருந்தப்ப ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சு வளர்த்தோம். ஆயிரம் ஆனப்ப, அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் பொறந்து சாகற கண்டெய்னர்கள் ஆனப்ப, இந்த லிஸ்ட் வச்சுப் பார்க்கற முறை தாங்கலை. கூகுள் உள்ளுக்குள்ள போர்க்மான்னு ஒண்ணு வச்சிருந்தது. அங்கேருந்து பெர்லின் சவுண்ட்கிளவுடுக்கு வந்த மேட் ப்ரவுடும் ஜூலியஸ் வோல்ஸும் 2012-ல் அதே யோசனையில ப்ரோமிதியஸை ஆரம்பிச்சாங்க. 2015-ல் ஊருக்கு அறிவிச்சாங்க. இது செர்வர் அனுப்பட்டும்னு காத்திருக்காது. தானே வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கிக்கும். கதவு திறக்கலைன்னா உடனே தெரியும். பழைய ஊதா நிறம் வேற உடம்புல வந்த மாதிரி.

2016-ல் வந்த கூகுளோட எஸ்ஆர்இ புத்தகம் நாலு நாடியைச் சொன்னது: பதில் வர ஆகற நேரம், வர்ற கூட்டம், பிழைகள், எவ்வளவு நிறைஞ்சிருக்குங்கறது. சிபியு 90 சதவீதம் ஓடினா ஓடட்டும், வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்குதான்னு முதல்ல பாரு, அவ்வளவுதான் விஷயம்.

கருவி இருந்தும் கவுந்த கதைகள்

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். மேல சொன்னதெல்லாம் இருந்தும் கப்பல் கவுந்திருக்கு.

2012 ஆகஸ்ட் 1. நைட் கேபிடல்ங்கற அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனம். எட்டு செர்வர்ல ஒண்ணுல மட்டும் புது நிரலைப் போட மறந்துட்டாங்க. சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க சிஸ்டம் தப்பு இருக்குன்னு 97 மெயில் அனுப்பினது. அது அலாரம்னு யாரும் நினைக்கலை, யாரும் அதை வச்சு எதுவும் செய்யலை. சந்தை திறந்து 45 நிமிஷத்துல போட்ட தப்பான ஆர்டர்களால 46 கோடி டாலர் போச்சு. அடுத்த வருஷம் தனிக் கம்பெனியாவே இல்லை, இன்னொண்ணோட இணைஞ்சுட்டது. மெயில் போறதும் மனுஷனுக்குத் தெரியறதும் ஒண்ணில்லை.

2017 ஜனவரி 31. கிட்லேப்ல ஒருத்தர் தவறுதலா முதன்மை டேட்டாபேஸையே அழிச்சுட்டார். சரி, பேக்கப் எடுத்துப் போடலாம்னு போனா பேக்கப்பே இல்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாம பேக்கப் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப்போனதைச் சொல்ற மெயில்களை மெயில் செர்வர் கையொப்பம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டிருந்தது. புகார் வரலை, அதனால எல்லாம் நலம்னு நினைச்சுட்டாங்க. ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். ஊதா விளக்கு இருந்திருந்தா?

அதே வருஷம் பிப்ரவரி 28. அமேசானோட எஸ்3 சேமிப்புச் சேவை, அமெரிக்காவுல வர்ஜீனியா பகுதியில கிட்டத்தட்ட நாலு மணி நேரம் படுத்துக்கிச்சு. அவங்க நிலவரப் பலகையில நிறத்தை மாத்தலாம்னு பார்த்தா, அந்தப் பலகையை மாத்தற வசதியே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்திருக்கு. கடை எரியுது, பலகையில பச்சை. ட்விட்டர்ல போய்ச் செய்தி சொல்ல வேண்டியதாச்சு. காவல்காரன் அதே வீட்டுக்குள்ள படுத்தா இதுதான் கதி.

2020 டிசம்பர்ல வெளிய வந்தது எல்லாத்தையும் மிஞ்சினது. சோலார்விண்ட்ஸ் ஓரியன், உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் வச்சிருந்த கண்காணிப்புக் கருவி. அதோட அப்டேட்டுக்குள்ளயே திருடனுங்க புகுந்துட்டானுங்க. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரைக்கும் அந்த அப்டேட் போயிருக்கலாம்னு கம்பெனியே சொன்னது. அமெரிக்க நிதித்துறையும் தப்பலை. ஏன் இந்தக் கருவியைப் பிடிச்சாங்க? எல்லா செர்வரோட சாவியும் அதுகிட்டதானே இருக்கு!

அப்போ எதை வாங்கறது?

இந்தச் சரித்திரத்தைப் படிச்சப்புறம் என் கேள்விகளோட வரிசையே மாறிடுச்சு. கருவி பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்கணும்:

1. நம்ம தலைவலி எது? உயிரோட இருக்கான்னு பார்க்கணுமா, நிறைஞ்சு வழியுதான்னா, வாடிக்கையாளருக்கு வலிக்குதான்னா? மாறாத இருபது செர்வருக்கு ஸாபிக்ஸோ ஐசிங்காவோ போதும். தினம் மாறுற கண்டெய்னர் கூட்டத்துக்கு ப்ரோமிதியஸ். ரவுட்டரும் ஸ்விட்சும் நிறைய இருந்தா எஸ்என்எம்பி நல்லாத் தெரிஞ்ச கருவி.

2. அலாரம் அடிச்சா எழுந்திருக்கப்போற ஆள் யாரு? பேர் சொல்ல முடியலைன்னா கருவி வாங்கவே வேண்டாம். ஒரு ராத்திரிக்கு முப்பது தடவை எழுப்பினா முப்பத்தோராவதை அவர் அணைச்சுட்டுத் தூங்கிடுவார், அதுதான் நிஜமான தீயா இருக்கும்.

3. காவல்காரன் செத்தா யார் சொல்லுவா? கருவி வெளியில ஒரு இடத்துல, வேற மின்சாரம், வேற நெட்வொர்க்ல இருக்கட்டும். "நான் உயிரோட இருக்கேன்"னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வெளியாள் ஒருத்தருக்குச் சொல்லட்டும். அந்தக் குரல் நின்னா அவர் கத்தணும்.

4. இதுகிட்ட எத்தனை சாவி கொடுக்கறோம்? பார்க்கறதுக்குப் பார்க்கற உரிமை போதும். 'அட்மின் பாஸ்வேர்டு கொடுத்தாத்தான் வேலை செய்யும்'னா யோசிக்கணும்.

மேனேஜரோட 'ஓசியா' கேள்விக்கும் இதுக்குள்ளயே பதில் இருக்கு. லைசென்ஸ் ஓசியா இருக்கலாம். ராத்திரி எழுந்திருக்கற ஆளோட தூக்கம் ஓசி கிடையாது. நல்ல கருவின்னா அந்த ஆளைத் தேவையில்லாம எழுப்பாது, தேவைப்படும்போது தூங்கவிடாது.

கருவி போட்ட மறுநாளே ஒரு வேலை செய்ங்க. யாருக்கும் சொல்லாம, முக்கியமில்லாத ஒரு செர்வரோட கேபிளைப் பிடுங்குங்க. எத்தனை நிமிஷத்துல யாருக்கு போன் வருதுன்னு பாருங்க. போன் வரலைன்னா, நீங்க வாங்கினது கருவி இல்லை, கலர் கலரா ஒரு சுவரொட்டி.

சரி மக்களே, மத்த ஆணிகளைப் புடுங்கப் போறேன். உங்க ஆபீஸ்ல எது ஓடுது, கேபிளைப் பிடுங்கினப்ப யாருக்கு போன் வந்ததுன்னு சொல்லுங்க. சாபம் மட்டும் வேண்டாம் :-)