இடஞ்சாய்ந்த கோடு

கணினியில் ஒரு கோப்பின் பெயரையும் பாதையையும் பிரதி செய்பவர் உண்மையிற் பிரதி செய்வது கோப்பையன்று, அதன் விலாசத்தையே. அவ்விலாசத்தைக் கையாலே தட்டெழுதும்பொழுது ஒரு குறி பிழைப்பினும் கோப்பு அகப்படாது போகலாம். விண்டோஸ் கணினியிற் புதியவரை மயக்கும் குறி, பெயர்களுக்கு இடையே நிற்கும், தலை இடப்புறம் சாய்ந்த கோடு. இணைய விலாசங்களிலோ கோடு வலப்புறம் சாய்ந்திருக்கின்றது. இவ்வேற்றுமை எங்ஙனம் நேர்ந்தது?

அடைவுக்குள் அடைவாகக் கோப்புகளை வைக்கும் முறையை அமெரிக்காவில் 1965 ஆம் ஆண்டில் மல்டிக்ஸ் என்னும் அமைப்புக்கென வகுத்தனர். அப்பணியிலிருந்து 1969 இல் பெல் ஆய்வுகூடம் விலகியபின், அங்கிருந்த கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆக்கினர். வலஞ்சாய்ந்த கோடு பாதைக்குரியதானது அதிலேதான்.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கணினி வெளிவந்தது. அதன் வட்டுக்கு 160 கிலோபைட்டே கொள்ளளவு. அத்துணைச் சிற்றிடத்துக்கு அடைவுகள் எதற்கு? ஆகவே மைக்ரோசொஃப்ட் அளித்த டொஸ் அமைப்பிலே பாதையென்பதே இல்லை. வலஞ்சாய்ந்த கோடோ கட்டளைகளுடன் விருப்பக் குறிப்புகளைச் சேர்ப்பதற்குப் பயன்பட்டுவிட்டது. ஈராண்டுகளின் பின், 1983 இல், 10 மெகாபைட் வன்தட்டு வந்தது. டொஸ்ஸின் இரண்டாம் பதிப்பு யூனிக்ஸைப் பின்பற்றி அடைவுகளை அமைத்தது. ஆனால் வேண்டிய கோட்டை முன்னமே வேறொரு வேலைக்கு ஒப்படைத்தாயிற்று! பழைய கட்டளைகளைக் குலைக்க மனமின்றி, இடஞ்சாய்ந்த கோட்டைப் பாதைக்கு நியமித்தனர். ஈராண்டுப் பழக்கத்துக்குக் கொடுத்த விலை சிறிதன்று. நாற்பதாண்டு கடந்தும் விரல்கள் அதனைச் செலுத்திவருகின்றன.

அக்கோடுதானும் பாதைக்கெனப் பிறந்ததன்று. அல்கோல் என்னும் கணினி மொழியின் தருக்கக் குறிகளை இரு கோடுகளைச் சேர்த்து எழுதுதற்பொருட்டு, ஐ.பி.எம். அறிஞர் பொப் பீமர் 1961 இல் அதனை எழுத்துக் குறியீட்டுத் தொகுதியிற் புகுத்தினார். யப்பானிய விண்டோஸில் அதே குறியீட்டெண்ணுக்கு யென் நாணயக்குறி தோன்றுவதுண்டு. அங்கே பெயர்களுக்கிடையே பணம் நிற்கின்றது!

டொஸ்ஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்து, அதன் வகையைக் காட்டும் பின்னொட்டு மூன்று எழுத்து என்பதே எல்லை. விண்டோஸ் 95 நீண்ட பெயரையும் இடைவெளியையும் அனுமதித்தது. இடைவெளியுள்ள பெயரைக் கட்டளை இரண்டாகப் பிரித்து விளங்கிக்கொள்ளுமாதலால், அதனை மேற்கோட்குறிக்குள் இடுதல் வேண்டும். 2007 இல் வெளிவந்த விஸ்ரா பதிப்பில், ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு கோப்பின்மேற் சுட்டியின் வலப்பொத்தானைச் சொடுக்கினால், பாதையைப் பிரதி செய்யும் கட்டளை தோன்றும். அதனால் எடுத்த பாதை இடஞ்சாய்ந்த கோடுகளோடும் மேற்கோட்குறிகளோடும் அப்படியே கைக்கு வரும்.