பூட்டு கிளட்சின் பூர்வகதை

நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுழன்றால்தான் அதன் திறமை வெளிப்படும். கப்பலைத் தள்ளும் விசிறியோ நிதானமாகச் சுழன்றால்தான் கடல்நீரைப் பற்றித் தள்ளும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இவ்விரண்டு சுபாவங்களையும் சமாதானப்படுத்தும் பொருட்டு, ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் பணிபுரிந்த ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானிய இன்ஜினீயர், பற்சக்கரங்களை ஒதுக்கிவிட்டு, திரவத்தின் ஓட்டத்தாலேயே சக்தியைக் கடத்தும் உபாயத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். ஆட்டோமேடிக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் என்று வழங்குவது அந்த வம்சத்தில் வந்ததே.

என்ஜினோடு சுழலும் இறக்கைகள் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் எதிரேயுள்ள டர்பைனைத் தள்ள, திரும்பி வரும் ஓட்டத்தை நடுவிலுள்ள ஸ்டேட்டர் திசைமாற்றிவிட, கார் புறப்படும் சமயத்தில் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகுகிறது. ஆனால் புறப்பாட்டில் இவ்வளவு உபகாரம் செய்யும் எண்ணெய், வேகம் பிடித்த பிறகும் சற்று வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கியதெல்லாம் உஷ்ணமாகி வீணாகும். அந்த நிலையில் இரு பக்கங்களையும் ஓர் உராய்வுத் தட்டினால் சேர்த்துப் பூட்டிவிடலாமே என்ற யோசனையை அமெரிக்காவின் பாக்கார்ட் கம்பெனி 1949-இல் தன் அல்ட்ராமேடிக்கில் நிறைவேற்றியது. மறுவருஷமே ஸ்டூடிபேக்கரும் அவ்வழியைப் பின்பற்றியது. பெட்ரோல் மலிந்து கிடந்த அந்நாட்டில் அந்தச் சிக்கனத்தை மதிப்பார் இல்லாமற்போகவே, பூட்டு சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

அதை மீட்டது, அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்திய 1973-இன் தடை. 1975-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், 1985-ஆம் ஆண்டு மாடல்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்று விதிக்க, கிறைஸ்லர் 1978-இல் பூட்டைப் புதுப்பித்தது. அது முழுக்க எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்கியது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ், அந்த எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் ஒரு மின்சார சொலினாய்டை இடையில் நுழைத்தது. கம்பி வந்துவிட்டால் அதில் கைவைக்க ஆளும் வந்துவிடுவது உலக இயற்கைதானே!

அப்படிக் கைவைத்தவர்கள் டிராக் பந்தயக்காரர்கள். வறண்ட ஏரிப் படுகைகளிலும் பழைய விமானத் தளங்களிலும் வளர்ந்து, 1951-இல் வாலி பார்க்ஸ் நிறுவிய சங்கத்தால் ஒழுங்கு பெற்ற அந்தப் பந்தயம், கால் மைல் தூரத்தில் முடிந்துவிடுவது. 1980-களின் மத்தியில் டர்போ பொருத்திய பியூக் கிராண்ட் நேஷனல் அவர்கள் கைக்கு வந்தபோது, அதன் 200-4ஆர் கியர்பாக்ஸில் பெட்ரோலைச் சேமிப்பதற்கென்று வைத்த பூட்டு காத்திருந்தது. பெட்ரோலைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

ஒயரிங் எளிமையானது. 12 வோல்ட் மின்சாரம் ஃபியூஸ் வழியாகப் பிரேக் ஸ்விட்சைக் கடந்து சொலினாய்டை அடையும். மறுமுனைக்கு எர்த் கொடுத்துப் பூட்டை இயக்குவது காரிலுள்ள கம்ப்யூட்டரின் வேலை. அந்த எர்த் கம்பியைக் கிளையாகப் பிரித்து டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தால், பூட்டும் அதிகாரம் ஓட்டுபவரிடம் வந்துவிடுகிறது. மூன்றாம் கியரில், பந்தயத்தின் பிற்பகுதியில் அதைத் தட்டினால், வழுக்கல் நின்று, எல்லைக்கோட்டைக் கடக்கும் வேகம் உயரும். சாலையில் மென்மையாகப் பூட்டுவதற்கென்று ஒட்டப்பட்ட ஒற்றைத் தட்டின் மெல்லிய உராய்வுப் பூச்சு, டர்போவின் முழு முறுக்குவிசையைத் தாங்காமல் கருகுவதும் உண்டு. அதனால்தான் கன்வெர்ட்டர் செய்வோர் பல தட்டுகளை அடுக்கத் தொடங்கினர்.

இந்த வித்தையில் அவசரக்காரர்கள் சிலர், இடையூறென்று எண்ணிப் பிரேக் ஸ்விட்சையும் விலக்கி, நேரே மின்சாரம் கொடுத்துவிடுவார்கள். கால் மைல் கடந்து காரை நிறுத்த முயலும்போது, சக்கரங்களோடு இறுகப் பிணைந்த என்ஜின் அவற்றோடு தானும் அடங்கி நின்றுவிடும். விஷயம் அறிந்தவர்கள் தங்கள் ஸ்விட்சை எர்த் பக்கத்தில் மட்டும் சேர்த்து, பிரேக் ஸ்விட்சைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டார்கள்.