மாஸ்கோவில் இடது ஹாஃப் ஆடிய ஆரணிக்காரர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் மணலி புதுநகரில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ரோட்டில் வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு லாரியிலிருந்து ஒருவர் குதித்து இறங்கி ஓடி வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். தலை நரைத்துவிட்டது, ஆனால் சிரிப்பு மாறவில்லை. தொண்ணூறுகளில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். நம் பள்ளி ஹாக்கி அணியில் ஆடியவன்.

டீ குடித்துக்கொண்டே பழைய கதைகள் பேசினோம். கிளம்பும்போது சிரித்தபடியே ஒன்று சொன்னான். "சார், வகுப்புல மாஸ்கோ ஒலிம்பிக் கதை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க! சோதி அடிச்ச கோல், ஷாகித் அடிச்ச கோல் எல்லாம் சொல்வீங்க. கேப்டன் நம்ம ஊர்க்காரர்னும் சொல்வீங்க. ஆனா அவர் எந்த இடத்துல ஆடினார்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இடது ஹாஃப் சார். நான் ஆடின இடம்."

லாரி போய்விட்டது. எனக்கு டீ இறங்கவில்லை.

அவன் சொன்னது உண்மை. அந்தப் பாடத்தைப் பல வருடம் பாதியாகத்தான் நடத்தியிருக்கிறேன். மீதிப் பாதியை இன்று நடத்துகிறேன். வருகைப் பதிவு எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

வாசுதேவன் பாஸ்கரன் 1950 ஆகஸ்ட் 17 அன்று ஆரணியில் பிறந்தார். ஆரணிப் பக்கத்து உறவுகள் நிமிர்ந்து உட்காரலாம். ஆரணி என்றால் பட்டும் அரிசியும்தான் நமக்கு நினைவு வரும். இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் கடைசியாகத் தங்கம் வென்றபோது அணித்தலைவராக இருந்தவரும் அந்த ஊரில் பிறந்தவர்தான். சென்னை லயோலா கல்லூரியில் படித்தார்.

அவருக்கு முன்பே தமிழ்நாட்டில் நல்ல ஹாக்கி வரிசை ஒன்று இருந்தது. வி.ஜே. பீட்டர் 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி, தங்கம், வெண்கலம் மூன்றையும் பார்த்தவர். அவர் தம்பி வி.ஜே. பிலிப்ஸ், 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். 1968 மெக்சிகோ அணியில் கோல்கீப்பர் முனீர் சேட்டும், ஹாஃப் வரிசையில் கிருஷ்ணமூர்த்தியும் ஆடினார்கள். வடசென்னை என்றால் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று பெருமை பேசுகிறோம். ஹாக்கியில் நம் மாநிலம் செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாஸ்கரனின் முதல் ஒலிம்பிக் 1976 மாண்ட்ரியல். அது நம் ஹாக்கிக்குச் சோகமான ஒலிம்பிக். 1928 முதல் 1972 வரை கலந்துகொண்ட ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் ஏதாவது ஒரு பதக்கம் கொண்டுவந்த நாடு நாம். மாண்ட்ரியலில் முதன்முறையாக வெறுங்கையுடன், ஏழாவது இடத்தில் திரும்பினோம். ஒலிம்பிக் ஹாக்கியை முதன்முதலில் செயற்கைத் தரையில் ஆடியதும் அங்கேதான். புல் தரையில் பந்து துள்ளும், நிற்கும், திரும்பும். மணிக்கட்டு வித்தை தெரிந்தவர்களுக்கு அது சாதகம். செயற்கைத் தரையில் பந்து நூல் பிடித்த மாதிரி வேகமாக ஓடும். மனிதனும் அதே வேகத்தில் ஓட வேண்டும். நம்மவர்களுக்கு அந்தத் தரையில் பழகக்கூட வாய்ப்பு அரிது.

நாலு வருடம் கழித்து மாஸ்கோவுக்குப் போன 16 பேர் அணியில் மாண்ட்ரியலுக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோல்கீப்பர் பீர் பகதூர் சேத்ரி. இன்னொருவர் பாஸ்கரன், இந்த முறை கேப்டன். மற்ற எல்லோருக்கும் ஒலிம்பிக் புதிது. தோற்ற வகுப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, புதிய வகுப்புக்கு லீடராகப் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் மாணவன் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இடது ஹாஃப் என்றால் என்ன?

அந்தக் காலத்து ஹாக்கியில் ஐந்து பேர் முன்வரிசை, மூன்று பேர் ஹாஃப் வரிசை, இரண்டு பேர் ஃபுல் பேக், ஒரு கோல்கீப்பர். ஹாஃப் வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவர்தான் இடது ஹாஃப். எதிரணியின் வலது விங்கரை மறிப்பது அவர் வேலை.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கிரிக்கெட்டில் இடது கை ஆட்டக்காரர் உண்டு. ஹாக்கியில் இடது கை மட்டை என்பதே கிடையாது. எல்லோரும் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், உருண்டையான முதுகுப் பக்கத்தால் தொட்டால் தவறு. வீட்டில் துடைப்பத்தை அப்படிப் பிடித்து நின்று பாருங்கள். வலது பக்கம் வரும் பந்தை மறிப்பது எளிது. இடது பக்கம் வரும் பந்தை மறிக்க மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கைக்கு பலம் கிடைக்காது, எட்டாது.

எதிரணி வலது விங்கர் கோட்டோரமாக ஓடி வரும்போது எந்தப் பக்கமாகக் கடந்து போவார்? நம் இடது ஹாஃபுக்கு இடது கைப் பக்கமாக. அதாவது அவருடைய பலவீனமான பக்கமாக. எழுபது நிமிடமும் தன் பலவீனமான பக்கத்தைக் காத்து நிற்பதுதான் இந்த இடத்தின் வேலை.

இதற்கு மருந்து கையில் இல்லை, காலில் இருக்கிறது. விங்கர் வருவதற்கு முன்பே கோட்டோரமாக நகர்ந்து, பந்து தன் வலது பக்கத்தில் விழும்படி உடம்பை நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளி வழி அடைபட்டதால் விங்கர் உள்ளே திரும்புவார். உள்ளே ஃபுல் பேக் காத்திருப்பார். பந்தைப் பிடுங்காமலேயே எதிரியின் ஓட்டத்தைக் கெடுத்தாகிவிட்டது. பிடுங்கிவிட்டால் அடுத்த வேலை, முன்னால் நிற்கும் இடது விங்கருக்கு உடனே தள்ளுவது. மாஸ்கோவில் அந்த இடத்தில் நின்றவர் ஜாஃபர் இக்பால். அவர் ஓடத் தொடங்கும்போது கூட்டம் அவரைப் பார்க்கும். பந்தை அனுப்பியவரை யார் பார்ப்பார்கள்?

இனி மாஸ்கோ. ஆறு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஐந்துடன் ஆட வேண்டும். தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0, சோவியத் யூனியனை 4-2 என்று வென்றோம். போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2 என்று சமன். ஜூலை 29 இறுதி ஆட்டத்தில் மறுபடியும் ஸ்பெயின்.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். விடுதியில் ஒரே ஒரு ரேடியோ. வர்ணனை இந்தியில் வரும்போது எங்களுக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் இந்தி தெரிந்த ஒரு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கேட்டோம். மூன்று கோல் முன்னிலை என்றதும் கத்தி ஆர்ப்பாட்டம் செய்தோம். பிறகு ஸ்பெயினின் ஹுவான் அமாட் திருப்பி அடிக்க ஆரம்பித்தார். 3-1, 3-2. ஷாகித் ஒன்று அடித்து 4-2 ஆக்கினார். மறுபடியும் அமாட், 4-3. அவருக்கு மூன்றாவது கோல். கடைசி நிமிடங்களில் அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. விசில் ஊதியதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதோம்.

சோதி இரண்டு, கௌசிக் ஒன்று, ஷாகித் ஒன்று. 45 வருடம் ஆகியும் மறக்காமல் ஒப்பிக்கிறேன். அந்தக் கடைசி நிமிடங்களில் ஐந்தாவது கோல் தேவைப்படவில்லை. ஸ்பெயினின் நான்காவது கோல் விழாமல் இருப்பதுதான் தேவைப்பட்டது. அதைத் தடுத்தவர்கள் பெயர் ஸ்கோர் பட்டியலில் வராது, ஏனென்றால் நடக்காத ஒன்றை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. ஆறு ஆட்டத்தில் இந்தியா அடித்தது 43 கோல், வாங்கியது 9. முதல் எண்ணை வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். இரண்டாவது எண்ணை ஒரு நாளும் எழுதியதில்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்த வருடம் அது. ஹாக்கியில் அப்போதைய உலகக் கோப்பை வெற்றியாளரான பாகிஸ்தான் வரவில்லை. நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஹாக்கி அணிகளும் வரவில்லை. அவர்கள் வந்திருந்தால் தங்கம் கிடைத்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது. பதில் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் வந்தவர்களுடன் ஆடுவது மட்டும்தான் ஒரு ஆட்டக்காரரால் முடியும். 3-2 ஆகிவிட்ட நேரத்தில் எதிரே நிற்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் கால் நடுங்கத்தான் செய்யும். அன்று நம்மவர்கள் கால் நடுங்காமல் நின்றார்கள். அவ்வளவு சொன்னால் போதும். அதற்கு மேல் பெருமையும் வேண்டாம், அதற்குக் கீழ் தள்ளுபடியும் வேண்டாம்.

பாஸ்கரன் கதை அங்கே முடியவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் இந்திய அணியின் பயிற்சியாளர். போலந்துடன் ஆட்டம். வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. அரையிறுதி போனது, மறுபடியும் ஏழாவது இடம். தற்காப்பு ஆடியே வாழ்ந்த மனிதருக்கு, தான் இறங்கித் தடுக்க முடியாத இடத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாண்ட்ரியல் ஏழு, மாஸ்கோ ஒன்று, சிட்னி ஏழு. நடுவில் உள்ள எண்ணை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது.

மாஸ்கோவுக்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கத்துக்கு 2021 வரை, 41 வருடம் காத்திருந்தோம். டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் மறுபடியும் வெண்கலம். தங்கம் இன்னும் வரவில்லை. 2023 ஆகஸ்டில் நம் எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. மலேசியாவை 4-3 என்று வென்றோம். அதே 4-3! மறுநாள் காலை பேப்பரில் நான் முதலில் தேடியது யார் கோல் அடித்தார் என்பதைத்தான். பழக்கம் போகவில்லை பாருங்கள்.

கடைசியாக என் தப்பு. அந்த லாரிக்கார மாணவன் ஆடிய வருடம் நம் பள்ளி அணி ஒரு போட்டியில் 1-0 என்று வென்றது. ஆண்டு விழாவில் பரிசுப் பட்டியல் எழுதியவன் நான். கோல் அடித்த பையனை மேடைக்கு அழைத்து டிபன் பாக்ஸ் கொடுத்தோம். பி.டி. மாஸ்டர் என் காதில், "சார், அந்த லெஃப்ட் ஹாஃப் பையனுக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம்" என்றார். "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்றேன். அடுத்த வருடம் அவன் பள்ளியில் இல்லை. வீட்டுக் கஷ்டம், வேலைக்குப் போய்விட்டான்.

முப்பது வருடம் கழித்து டீக்கடையில் அவன் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதனால்தான் இத்தனை நாளாக மனதில் தைக்கிறது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ படிப்பாய் என்று தெரியும். அன்று நம் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை. அதில் உன் பங்கு பெரியது. மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அடுத்த முறை இந்தப் பக்கம் லாரி வந்தால் வீட்டுக்கு வா. அம்மா உனக்குப் பிடித்த அடை செய்து வைப்பாள். டிபன் பாக்ஸும் வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில், வேலை செய்யும் இடத்தில், எதுவும் கெட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டு பெயர் இல்லாமல் இருப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இன்று ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு கீழே கமெண்டில் எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துவேன், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
மணலி புதுநகர்.