சுவைத்துப் பார்த்து எழுதிய ஏடுகள்

வரலாறு எழுதுவோர் அரண்மனையின் முன்வாயிலில் நுழைந்து முன்வாயில் வழியாகவே திரும்பிவிடுவது வழக்கம். அரியணை, படை, கருவூலம், பள்ளிவாசல், நூலகம் ஆகிய யாவும் அவர்தம் கண்ணில் படும். பின்கட்டில் புகைந்து கொண்டிருக்கும் அடுப்பங்கரை மட்டும் படுவதில்லை. சமையலைப் பற்றி எழுதுவது அறிவாளிக்கு அழகன்று என்ற எண்ணம் நம்மவரிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. ஆனால் நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. கி.பி. 10ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அரபு மொழியில் எழுதப்பெற்ற சமையல் நூல்களைப் போல் அக்காலத்தில் வேறு எம்மொழியிலும் இத்துணை மிகுதியாகக் கிடைக்கவில்லை என்று இத்துறையில் உழைத்தோர் கூறுவர். அவற்றை எழுதியவர்களுள் இளவரசர் உண்டு, எழுத்தர் உண்டு, மருத்துவர் உண்டு. வீட்டில் புதிதாக ஒன்றைச் சமைத்து, உற்றாரையும் நண்பரையும் அழைத்து உண்ணச் செய்து, அவர்கள் முகம் மலர்ந்ததா சுளித்ததா என்று பார்த்துப் பின்னர் ஏட்டில் பதிந்தவர்கள் இவர்கள்.

13ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில், அய்யூபி மன்னர்கள் ஆண்ட காலத்தில், ஒரு நூல் தோன்றியது. அதன் பெயரின் தொடக்கம் 'அல்வுஸ்லா இலல் ஹபீப்' என்பது. 'அன்பரைச் சென்றடையும் வழி' என்று அதனைத் தமிழில் கூறலாம். சமையல் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியுமா? எழுதியவர் இன்னார் என்று உறுதியாகத் தெரியவில்லை. ஆயினும் அவர் எத்தகையவர் என்பதை முன்னுரை காட்டிக் கொடுத்துவிடுகிறது. தாமே பலமுறை செய்து பார்க்காத, தாமே உண்டு பார்க்காத எதனையும் இந்நூலில் சேர்க்கவில்லை என்று அவர் கூறுகிறார். கோழியைக் கொண்டு மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட பதார்த்தங்களை விவரிக்கிறார். அத்தனையையும் ஒருவர் செய்து பார்த்திருந்தால் அந்த வீட்டிற்கு விருந்தினர் எத்தனை பேர் வந்திருப்பர் என்று எண்ணி நாம் வியக்கிறோம். நூல் நறுமணப் பொருள்களில் தொடங்கி, உண்டபின் கை கழுவும் வாசனைப் பொடிகள் வரை செல்கிறது. விருந்தினர் நுழைவது முதல் விடைபெறுவது வரை ஆசிரியர் உடனிருந்து கவனிப்பது போன்ற அமைப்பு அது.

அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே பக்தாதில் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர்களுள் தலையாயவர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ. கலீஃபா மஹ்தீயின் மகன். ஹாரூன் அர்ரஷீதின் மாற்றாந்தாய் மகன். 779ஆம் ஆண்டில் பிறந்து 839ஆம் ஆண்டில் மறைந்தவர். இசையில் இணையற்றவர், கவிஞர். 817 முதல் 819 வரை பக்தாத் மக்கள் அவரைக் கலீஃபாவாகவே ஏற்றிருந்தனர். அரியணை அவரிடம் நிலைக்கவில்லை. அடுப்படியோ அவரைக் கைவிடவில்லை. அவர் சமையல் நூல் ஒன்று எழுதினார். அது முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய செய்முறைகளும் உணவைப் பற்றிய கவிதைகளும் பின்வந்தோர் ஏடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவர் பெயரைத் தாங்கிய 'இப்ராஹீமிய்யா' என்னும் இறைச்சி உணவு, அவர் மறைந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சென்ற பின்னும் பக்தாத் நூலொன்றில் இடம்பெற்றுள்ளது. திராட்சைச் சாற்றின் புளிப்பும், அரைத்த வாதுமையின் கொழுப்பும், சிறிதளவு சர்க்கரையும் கலந்த குழம்பு அது. இரண்டாண்டுக் கலீஃபா பதவியை எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தனரோ, குழம்பை வைத்திருந்தனர்.

இப்ராஹீம் ஹாரூனுக்கு அளித்த விருந்து ஒன்றை வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ தம் 'முரூஜுத் தஹப்' நூலில் கூறுகிறார். ரக்கா நகரில் இருந்தபோது இப்ராஹீம் தம் சகோதரரை அழைத்தார். வைக்கப்பட்ட தட்டுகளில் ஒன்றில் மீன் துண்டுகள் மிகச் சிறியனவாக இருந்தன. "மீனை ஏன் இவ்வளவு சிறிதாக நறுக்கினான் உம் சமையற்காரன்?" என்று ஹாரூன் வினவினார். அவை துண்டுகள் அல்ல, மீன்களின் நாக்குகள் என்று விடை வந்தது. எத்தனை? நூற்றைம்பதுக்கு மேல். செலவு? ஆயிரம் திர்ஹத்திற்கு மேல். ஹாரூன் கையை எடுத்துவிட்டார். அதே அளவு பணத்தை இப்ராஹீம் கொண்டு வந்து வைக்கும் வரை உண்ண மறுத்து, அது வந்ததும் அந்த வீண் செலவுக்குப் பரிகாரமாக இருக்கட்டும் என்று அதனைத் தருமம் செய்யச் சொன்னார். பின்னர் அந்த உணவு இருந்த விலையுயர்ந்த பாத்திரத்தையும் வெளியே எடுத்துச் சென்று முதலில் எதிர்ப்படும் ஏழைக்குக் கொடுத்துவிடுமாறு பணியாளனிடம் கட்டளையிட்டார். அப்பாத்திரம் 270 தீனார் விலை கொடுத்து வாங்கியது. இப்ராஹீம் தம் ஆள்களுக்குக் கண் காட்டினார். ஏழையிடமிருந்து அதை மலிவாகத் திரும்ப வாங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஹாரூன் அதையும் புரிந்துகொண்டார். "இருநூறு தீனாருக்குக் குறைத்து விற்காதே என்று அமீருல் முஃமினீன் சொன்னதாக அவனிடம் சொல்" என்று பணியாளனுக்குச் சொல்லி அனுப்பினார். இப்ராஹீமின் ஆள் இருநூறு கொடுத்துத்தான் அதை மீட்க முடிந்தது.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது ஹாரூனின் பக்கமே நாம் நிற்கிறோம். புதியது காணும் ஆசை வேறு, பிறரைத் திகைக்க வைக்கும் ஆசை வேறு. நம் திருமண வீடுகளில் இன்று நடக்கும் சிலவற்றைப் பார்க்கும்போது அந்த நாக்குகளின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அது நிற்க.

இப்ராஹீமின் புகழுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கை இருந்தது. அவர் வீட்டில் இருந்த பித்ஆ என்பவள் 'சிக்பாஜ்' சமைப்பதிலும், ஆறவைத்து உண்ணும் வகைகளிலும் பெயர் பெற்றவள். ஹாரூனின் மகன் அமீன், அவள் கைச்சமையலை விரும்பிக் கேட்டதாக நூல் கூறுகிறது. சிக்பாஜ் என்பது இறைச்சியைக் காடியில் சமைக்கும் பாரசீக முறை. பக்தாதிலிருந்து அந்தலூஸ் வரை சென்று, இன்று ஸ்பானிய மக்கள் 'எஸ்கபெச்சே' என்று அழைக்கும் உணவாக அது நிலைத்துவிட்டது. பித்ஆவின் பெயர் நமக்குத் தெரிவதே அரிய வாய்ப்பு. நூல் எழுதியவர் அனைவரும் ஆண்கள். வீடுகளில் செய்து பார்த்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஏடுகள் அவர்களைப் பற்றி வாய் திறப்பது மிகக் குறைவு.

பித்ஆவைப் பற்றிய செய்தியைக் காத்துத் தந்தவர் இப்னு சையார் அல்வர்ராக். 10ஆம் நூற்றாண்டில் அவர் தொகுத்த 'கிதாபுத் தபீக்' இன்று கிடைக்கும் அரபுச் சமையல் நூல்களுள் மிகப் பழையது. 132 அதிகாரங்கள், அறுநூறுக்கு மேற்பட்ட செய்முறைகள்! நவால் நஸ்ரல்லாஹ் என்னும் ஈராக்கிய அம்மையார் 2007இல் இதனை ஆங்கிலத்தில் விரிவான குறிப்புகளுடன் வெளியிட்டார்.

அதே பெயரில் மற்றொரு நூல் ஹிஜ்ரீ 623இல், அதாவது 1226இல், பக்தாதில் எழுதப்பட்டது. ஆசிரியர் முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்காதிப் அல்பக்தாதீ. இன்பங்களை ஆறாகப் பிரித்து, அவற்றுள் உணவே தலையாயது என்று துணிந்து கூறியவர் இவர். தமக்காகவும் விரும்புவோர் பயன்பாட்டுக்காகவும் எழுதியதாகச் சொல்கிறார். சமைப்பவர் நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். பாத்திரங்களில் முதலிடம் கல்சட்டிக்கு, அடுத்தது மண்சட்டி, வேறு வழியில்லை என்றால்தான் ஈயம் பூசிய செம்பு. ஈயம் போன செம்பில் சமைத்ததைவிட இழிந்தது வேறொன்றுமில்லை என்று கடிந்துகொள்கிறார். நம் பாட்டிமார்களும் இதையே சொன்னார்கள். பக்தாதீயைப் படித்து அல்ல. அவர் இறைச்சியையும் கொழுப்பையும் நிறுக்கும் அளவு 'ரத்ல்'. நாம் நேற்றுவரை கடைத்தெருவில் வழங்கிய 'இராத்தல்' அச்சொல்லிலிருந்து வந்ததே.

அந்த எழுத்தர் 1239இல் மறைந்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மங்கோலியர் பக்தாதை அழித்தனர். அவர் குறித்து வைத்த அடுப்பங்கரைகள் சாம்பலாயின, ஏடு பிழைத்தது. 1934இல் மோசூலில் அது அச்சேறியது. 1939இல் ஆர்பெரி என்னும் ஆங்கில அறிஞர் அதனை மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு வெளிவந்த இடம் இலண்டன் அன்று. நம் தக்காணத்து ஹைதராபாதிலிருந்து வெளிவந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழ்! அதற்கும் முன்னரே, 15ஆம் நூற்றாண்டில், உதுமானிய சுல்தான் இரண்டாம் முராதின் காலத்து மருத்துவர் ஷிர்வானீ இந்நூலைத் துருக்கியில் பெயர்த்திருந்தார். பெயர்த்ததோடு நில்லாமல், தம் காலத்தில் வழங்கிய புதிய உணவுகளையும் சேர்த்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் கை வைப்பது குற்றமே; எனினும் சமையல் நூலில் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்நூல்களைப் படிப்போரை ஒரு பொருள் நெடுங்காலம் மயக்கி வந்தது. அதன் பெயர் முர்ரீ. நம் குழம்புக்குப் புளி போல அக்காலச் சமையலில் அது எங்கும் வருகிறது. செய்முறையோ அச்சுறுத்துவது. வாற்கோதுமை மாவைப் புளிப்பின்றிப் பிசைந்து, அத்தியிலைகளில் பொதிந்து, பூஞ்சணம் படரும்படி நாற்பது நாள் அளவு விட்டுவிட வேண்டும். பிறகு உலர்த்திப் பொடித்து, உப்பும் மாவும் நீரும் கலந்து வெயிலில் பல நாள் வைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். இப்படிக் கெட்டுப்போன ஒன்றை கலீஃபாக்கள் விரும்பி உண்டனரா என்று அறிஞர்கள் ஐயுற்றனர். சிலர் இது பண்டைய உரோமர் செய்த மீன் சாறு போன்றதாக இருக்கும் என்று எண்ணினர். இறுதியில் சார்லஸ் பெர்ரி என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஏட்டில் உள்ளபடியே தம் வீட்டில் செய்து பார்த்தார். சுவைத்தபோது வாதம் முடிந்தது. அது சீனரும் ஜப்பானியரும் பயன்படுத்தும் சோயா சாற்றின் சுவையை ஒத்திருந்தது. அகராதிகளைப் புரட்டியோர் காணாததை ஒரு சட்டி காட்டிக் கொடுத்தது. இதே பெர்ரிதான் பின்னர் பக்தாதீயின் நூலை மூலச்சுவடியிலிருந்து மீண்டும் பெயர்த்தார்; ஷாம் நாட்டு 'வுஸ்லா'வையும் 2017இல் ஆங்கிலமாக்கினார்.

இந்தியாவுக்கு வருவோம். மாளவ நாட்டின் மாண்டுவில் 1469 முதல் 1500 வரை ஆண்ட கியாஸ் ஷாஹ், ஆட்சிப் பொறுப்பைப் பெரும்பாலும் மகனிடம் விட்டுவிட்டு இன்ப வாழ்வில் திளைத்தவர். அரசராக அவரைப் புகழ நமக்கு மனமில்லை. ஆனால் அவர் அரண்மனை தந்த 'நிஃமத் நாமா' ஈடற்றது. பாரசீக மொழியில், இந்நாட்டுச் சொற்கள் நிறையக் கலந்து, ஐம்பது வண்ண ஓவியங்களுடன் எழுதப்பெற்றது. ஓவியங்களில் பெரிய மீசையுடன் சுல்தானே நின்று, பெண்கள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'மற்றொரு வகை', 'மற்றொரு வகை' என்றே செய்முறைகள் தொடர்கின்றன. சமூசாவில் மட்டும் எத்தனை வகை! கிச்சடி உண்டு, வடை உண்டு, வெற்றிலைப் பாக்கும் உண்டு. பக்தாதில் 'சன்பூசஜ்' எனப்பட்டது மாண்டுவில் இந்நாட்டு மசாலையோடு கூடி, இன்று நம் நோன்பு திறக்கும் தட்டில் கஞ்சிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது. இச்சுவடி திப்பு சுல்தானின் நூலகத்தில் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கைக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

இவர்கள் அனைவரும் மகிழ்ச்சிக்காக எழுதினர். துயரத்தால் எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் அந்தலூஸின் முர்ஸியா நகரில் பிறந்த இப்னு ரஸீன் அத்துஜீபீ. நகரம் கஸ்டீலியர் ஆதிக்கத்தின்கீழ் வந்ததும் 1247இல் இளைஞராகவே நாட்டை விட்டு வெளியேறினார். ஸப்தாவில் தங்கி, இறுதியில் துனிஸில் குடியேறி, 1293இல் அங்கேயே மறைந்தார். அகதியாக இருந்தபடி, தம் மண்ணின் உணவுகளை ஒன்று விடாமல் எழுதினார். ரொட்டி, களி, கீரை, கத்தரிக்காய், மீன், ஊறுகாய், கை கழுவும் பொடி என்று அந்த நூல் செல்கிறது. தாம் இழந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் அவர் திறந்து பார்ப்பது போல் நமக்குத் தோன்றுகிறது. 'ஃபளாலதுல் கிவான்' எனத் தொடங்கும் அந்நூலின் சுவடிகள் சிலவற்றில் ஏடுகள் விடுபட்டிருந்தன. இலண்டனில் இருந்த மற்றொரு சுவடியைக் கொண்டு விடுபட்டவை நிரப்பப்பட்டு, அண்மையில் 2021இல் நஸ்ரல்லாஹ் அம்மையாரின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

நம் கடற்கரை ஊர்களுக்கு இப்னு ரஸீன் வாய்க்கவில்லை. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் மரக்கலமேறிச் சென்ற துறைகளிலிருந்து முத்தும் துணியும் மட்டுமா வந்தன? மலாய் மக்களின் 'டோடோல்' கீழக்கரையில் தொதல் ஆனது. இலங்கை மலாயர் வழி வந்த வட்டிலப்பம் பெருநாள் பலகாரமாயிற்று. முதன்முதலில் அதைத் தன் அடுப்பில் செய்து பார்த்த பெண் யார்? கருப்பட்டி எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு என்று எத்தனை முறை மாற்றிப் பார்த்தாள்? முதல் தடவை கட்டியாகாமல் போனதைக் கண்டு சிரித்த நாத்தனார் யார்? எந்த ஏட்டிலும் இல்லை. தொதலுக்குத் தேங்காய் எத்தனை என்று உம்மம்மாவிடம் கேட்டால், "அரிசியைப் பார்த்துப் போடு வாப்பா" என்பதே விடையாக வரும். எழுதுகோலுடன் அருகில் அமர்ந்து, அவர் கை அள்ளுவதைப் படியால் அளந்து குறித்துக்கொள்ள அவ்வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.