பொன்னியின் செல்வனும் அதன் வழிநூல்களும்

தமிழ் இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். முன்னோர் நூலை அடியொற்றி, வேண்டுமிடத்துத் தன் வேறுபாட்டையும் புகுத்தி எழுதப்படுவது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. வழிநூல் என்ற அளவிலேயே அதனைத் தாழ்த்தும் எண்ணம் அவருக்கு இல்லை. சிலம்பில் சிறுமியாய் வரும் மணிமேகலையைச் சாத்தனார் தனிக் காப்பியத் தலைவியாக்கினார். இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்றே தமிழுலகம் போற்றுகிறது. பிறர் படைத்த மாந்தரை மேலும் நடத்திச் செல்லும் இம்மரபு, இருபதாம் நூற்றாண்டில் கல்கியின் பொன்னியின் செல்வனால் மீண்டும் தழைத்தது.

அப்புதினம் ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வெளிவந்தது. அருள்மொழிவர்மன் தனக்குரிய மணிமுடியை உத்தம சோழனுக்குச் சூட்டியதும் கதை முடிவை நெருங்கிவிட்டது. குந்தவை, வந்தியத்தேவன் திருமணத்தைக்கூட வாசகர் காணவில்லை. அவர்கள் மனம் ஆறாமை கண்ட கல்கி, முடிவுரை ஒன்றெழுதி, கதைமாந்தர் பின்னாளில் என்னவாயினர் எனச் சுருங்க விடை கூறினார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவரே மறைந்தார்.

அந்நாளில் தமிழக இதழ்கள் கடல் கடந்து பினாங்குக்கு வந்தன. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய ‘ராஜுலா’ கப்பலைப் பழந்தலைமுறையினர் மறந்திரார். கதையில் நோயுற்ற அருள்மொழி தங்கியிருக்கும் சூடாமணி விகாரமும் அதே நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அதனை எழுப்பியோர் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மரபினர். கடாரத்தின் தொல்லெச்சங்கள் பினாங்குத் தீவுக்கு வடக்கே, பெருநிலத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காணக் கிடக்கின்றன. ஆகவே இக்கதை பினாங்குத் தமிழர்க்கு அயலூர்க் கதையன்று.

கல்கி விட்ட இடத்தில் தொடங்கினார் விக்கிரமன். ‘அமுதசுரபி’யின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய அவர், உத்தம சோழன் காலத்தைக் களமாகக் கொண்டு ‘நந்திபுரத்து நாயகி’யைப் படைத்தார். நந்திபுரம் என்பது பழையாறையின் பழம்பெயர். குந்தவையைத் தலைப்பிலேயே முன்னிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது. கல்கியின் நகைச்சுவை இதில் இல்லை. ஆழ்வார்க்கடியானைப் போல் ஒருவனைப் பேசவைக்க மற்றொருவரால் இயலாது. ஆயினும் ‘அப்புறம் என்ன?’ என்று ஏங்கியோர்க்கு இந்நூல் முதல்நூலுக்கு நிகரான உறவாயிற்று. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ நேரான தொடர்ச்சியன்று. எனினும் முதுமையுற்ற வந்தியத்தேவரை அதிற் கண்டோர், பழைய நண்பரைச் சந்தித்தாற்போல் மகிழ்ந்தனர். 1963இல் அது சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. பின்னர்ப் பாலகுமாரன், இராசராசனையும் பெரிய கோயிலையும் ஆறு பாகங்களில் ‘உடையார்’ எனப் பாடுபொருளாக்கினார்.

கல்கி தெளிவாக விடுவிக்காத முடிச்சு, ஆதித்த கரிகாலன் கொலை. உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனப் பெயர் சுட்டுகிறது. அவர்தம் உறவினரின் உடைமைகளைப் பறிக்கும் ஆணையோ இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. உத்தம சோழன் ஆண்ட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் நடந்தது யாது? கல்வெட்டின் இம்மௌனமே வழிநூலாசிரியர்க்கு வாய்த்த விளைநிலம். மாணவர் இக்கல்வெட்டையும் கதைகளையும் அருகருகே வைத்துப் பயில்வாராயின், சான்று எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதைத் தாமே கண்டுகொள்வர். வெறும் பாடக்குறிப்பு இப்பயிற்சியைத் தராது.

1970களில் உருப்பெற்ற பாயான் பாரு புதுநகரில், இதழ்த்தாள்களைக் கிழித்துத் தைத்துப் பேணிய அத்தலைமுறையினர் இன்று தாத்தா பாட்டியர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படம் வந்தபோது பேரப்பிள்ளைகள் முதல்நூலைத் தேடினர். நந்திபுரத்து நாயகியைத் தேடியோர் எத்துணைப் பேர்? பழுப்பேறிய அத்தாள்களுக்கு வீட்டில் இடமில்லை என்று கழித்துவிடுவது எளிது. மறுபடி தொகுப்பது அரிது.

இன்னும் ஒன்று. இக்கதைகள் யாவும் சோழர் கப்பலின் மேல்தளத்தில் நின்றே கடாரத்தை நோக்கின. இராசராசன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை வழங்கினான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1025இல், அவன் மகன் இராசேந்திரன் அதே அரசமரபின்மேல் கப்பற்படை செலுத்திச் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தான். அந்நட்பு ஏன் முறிந்தது என்பதற்கு அவன் மெய்க்கீர்த்தியிலும் விடையில்லை.