ஹாலிவுட் குணச்சித்திர நடிகர்கள் (1930–1960)

அமெரிக்கத் திரைப்பட ஸ்டுடியோக்கள் கொடிகட்டிப் பறந்த 1930, 40களில் நாயகன், நாயகி அல்லாத வேடங்களையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த நடிகர்களின் வரலாறு இது. நீதிபதி, பட்லர், செய்தியாளர், அடியாள், குடிகார மருத்துவர், வாயாடி வேலைக்காரி என ஆண்டுக்குப் பல படங்களில் வந்துபோன இவர்களின் முகம் ரசிகர்களுக்குப் பழக்கம், பெயர்தான் தெரியாது. இவர்களை வளர்த்தது ஸ்டுடியோ முறை. பெயரைத் தேடத் தூண்டியது அந்த முறை சரிந்த காலத்தில் வீடுகளுக்குள் நுழைந்த தொலைக்காட்சி.

பின்னணி

1927இல் பேசும்படமாக வெளிவந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தின் வெற்றிக்குப் பிறகு, வசனம் பேசத் தெரிந்தவர்களுக்குத் தேவை பெருகியது. நியூயார்க் நாடக மேடைகளிலிருந்து நடிகர்கள் கலிபோர்னியாவுக்கு ரயிலேறினார்கள். முகத்துக்கு இணையாகக் குரலும் மூலதனமாயிற்று. மௌனப்பட நாள்களில் ஒல்லியான இளைஞராக நடித்த யூஜின் பாலெட், உடல் பெருத்து, தவளைக் குரலோடு பேசும்படத்துக்கு வந்து, ‘மை மேன் காட்ஃப்ரே’ (1936) போன்ற நகைச்சுவைப் படங்களில் எரிச்சல்கொண்ட பணக்கார அப்பாவாக நிலைத்தார்.

எம்ஜிஎம், பாராமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்கேஓ ஆகிய ஐந்து பெரிய ஸ்டுடியோக்களும் தங்கள் திரையரங்குகளுக்கு இடைவிடாமல் படம் தர வேண்டியிருந்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கமும் பரவியதால் உற்பத்தி மேலும் கூடியது. நடிகர்கள் அதிகபட்சம் ஏழாண்டு ஒப்பந்தத்தில் வாரச் சம்பளம் பெற்றார்கள். ஒரு ஸ்டுடியோ தன் நடிகரை இன்னொன்றுக்கு இரவலாக அனுப்புவதும் உண்டு. ஒப்பந்தமின்றிப் படத்துக்குப் படம் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.

ஒரே சாயல் வேடங்கள் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. எழுபது, எண்பது நிமிடப் படத்தில் ஒரு துணைப் பாத்திரத்தை அறிமுகப்படுத்த நேரம் கிடையாது. ஃபிராங்க்ளின் பாங்க்பார்ன் விடுதி மேலாளராக மேசைக்குப் பின்னால் நின்றால், ஆள் சிடுசிடுப்பானவர், எதற்கும் பதறுபவர் என்பது அவர் வாய் திறக்குமுன்பே தெரிந்துவிடும். திரைக்கதை ஆசிரியர்களுக்கு இது ஒரு பக்க வசனம் மிச்சம்.

முக்கிய நடிகர்கள்

இந்த உழைப்பின் உச்சம் தாமஸ் மிட்சல். 1939 என்ற ஒரே ஆண்டில் ‘ஸ்டேஜ்கோச்’சில் குடிகார மருத்துவர், ‘கான் வித் த விண்ட்’டில் நாயகியின் தந்தை, ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’னில் பத்திரிகையாளர், ‘ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்’ஸில் பார்வை மங்கிவரும் விமானி, ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்’மில் பிச்சைக்காரர்களின் தலைவன் என ஐந்து படங்களில் வந்தார். முதலில் சொன்ன வேடம் ஆஸ்கர் பெற்றுத் தந்தது.

வால்டர் பிரென்னன் தம் நாற்பது வயதுகளிலேயே கிழவர் வேடங்களுக்குப் பேர்போனார். விபத்தில் பற்களை இழந்திருந்த அவருக்கு, பொய்ப் பல்லைக் கழற்றினால் இருபது வயது கூடிவிடும். பியூலா போண்டி ஐம்பதை எட்டுமுன்பே ‘மேக் வே ஃபார் டுமாரோ’வில் (1937) பிள்ளைகளால் ஒதுக்கப்பட்ட மூதாட்டியாக நடித்தார். திருமணமே செய்துகொள்ளாத அவர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு நான்கு படங்களில் அம்மா.

ஆங்கிலேய கர்னல்களாகவும் பிரபுக்களாகவும் நடித்த சி. ஆப்ரி ஸ்மித், 1889இல் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அது. 1932இல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பையும் தொடங்கினார். சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் நாடக மேடையிலேயே காலம் கழித்து, 61 வயதில் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) மூலம் முதன்முறையாகத் திரைக்கு வந்தார்.

இயக்குநர்களின் குழுக்கள்

ஜான் ஃபோர்டுக்கு வார்ட் பாண்ட், ஜான் கராடீன்; ஃபிராங்க் காப்ராவுக்கு எச். பி. வார்னர், தாமஸ் மிட்சல் என்று இயக்குநர்கள் சிலர் தங்களுக்கென ஒரு குழுவை வைத்திருந்தார்கள். இதில் பிடிவாதக்காரர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். தம் முதல் வெற்றிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு அடுத்த படங்களிலும் இடம் பெற உரிமை உண்டு என்று பாராமவுண்ட் நிர்வாகத்திடம் வாதாடினார். அங்கே அவர் இயக்கிய எட்டுப் படங்களிலும் வில்லியம் டெமரெஸ்ட் இருக்கிறார்.

அகதிகள்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஐரோப்பியக் கலைஞர்கள் பலர் ஹாலிவுட்டில் தஞ்சமடைந்தார்கள். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) படத்தில் குழந்தைக் கொலையாளியாக உலகை உலுக்கிய பீட்டர் லோரே அவர்களில் ஒருவர். ‘காசாபிளாங்கா’வில் (1942) எழுத்தோட்டத்தில் பெயர் வந்த பதினான்கு பேரில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூவர்தான். அதில் நாஜி மேஜராக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். சூதாட்ட மேசைப் பணியாளராக வரும் மார்செல் டாலியோ பிரெஞ்சுப் படங்களில் பெயர் பெற்ற நடிகர். ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் யூதர்களை இழிவுபடுத்தும் சுவரொட்டிகளில் நாஜிகள் அவர் படத்தைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்தது பெயர்கூடப் போடாத சிறு வேடம்.

இனத் தடைகள்

முகத்தைப் பார்த்து வேடம் தரும் முறை, வெள்ளையரல்லாதாருக்குச் சிறையாக இருந்தது. கருப்பின நடிகர்களுக்கு வேலைக்காரர், ரயில் சிப்பந்தி வேடங்களைத் தாண்டி வாய்ப்பு அரிது. சார்லி சான் துப்பறியும் படங்களில் சீனரான கீ லூக் மகனாக நடிக்க, அப்பாவான சீனத் துப்பறிவாளராக நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட்.

‘கான் வித் த விண்ட்’டில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் பெற்ற முதல் கருப்பினத்தவர். இனப் பாகுபாட்டுச் சட்டங்களால் அட்லாண்டாவில் நடந்த அப்படத்தின் முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று நடந்த விருது விழாவிலும் படக்குழுவினரோடு உட்கார இடமில்லை. தனி மேசை போடப்பட்டது.

சங்கமும் நலநிதியும்

1933 மார்ச்சில் ஸ்டுடியோக்கள் ஒப்பந்த நடிகர்களின் சம்பளத்தைத் தற்காலிகமாகப் பாதியாக்கின. நட்சத்திரங்களைவிட வாரக்கூலிக்காரர்களையே இது அதிகம் வாட்டியது. அதே ஆண்டு ஜூனில் திரை நடிகர் சங்கம் பதிவானபோது, ரால்ஃப் மார்கன் அதன் முதல் தலைவரானார். ஆலன் மௌப்ரே, போரிஸ் கார்லாஃப், ஆப்ரி ஸ்மித் முதலியோர் தொடக்க உறுப்பினர்கள். பெரும் நட்சத்திரங்கள் சில மாதங்கள் கழித்துத்தான் திரளாகச் சேர்ந்தார்கள். 1937இல் ஸ்டுடியோக்கள் சங்கத்தை அங்கீகரித்தன. நலிந்த கலைஞர்களுக்கான நிவாரண நிதிக்குத் தலைமை ஏற்ற டேனிஷ் குணச்சித்திர நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட்டின் முயற்சியால், 1942இல் வுட்லேண்ட் ஹில்ஸில் முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. ஆஸ்கரின் மனிதநேய விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

விருதுகள்

துணை வேடங்களுக்கான ஆஸ்கர் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. முதலில் பெற்றவர்கள் வால்டர் பிரென்னனும் கேல் சாண்டர்கார்டும். பிரென்னன் 1938, 1940 படங்களுக்கும் வென்று, நடிப்புக்காக மூன்று ஆஸ்கர் பெற்ற முதல் நபரானார். ஆனால் 1942ஆம் ஆண்டுப் படங்கள்வரை துணை நடிகர்களுக்குத் தரப்பட்டது பட்டயம்தான்; முழுச் சிலை அதற்குப் பிறகே கிடைத்தது.

‘கோயிங் மை வே’ (1944) படத்தின் ஒரே வேடத்துக்காக பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் நாயகப் பிரிவிலும் துணைப் பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டதால், மீண்டும் அப்படி நேராதபடி விதி மாற்றப்பட்டது. ‘ரியர் விண்டோ’வில் (1954) துடுக்கான செவிலியாக வந்த தெல்மா ரிட்டர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வென்றதில்லை.

சரிவும் மறுகண்டுபிடிப்பும்

ஸ்டுடியோக்கள் திரையரங்குகளைக் கைவிட வேண்டும் என்ற 1948 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, முறையின் அஸ்திவாரத்தை ஆட்டியது. படங்கள் குறைந்தன, ஒப்பந்தப் பட்டியல்கள் கலைந்தன. பலர் தொலைக்காட்சித் தொடர்களில் கரையேறினார்கள்: வார்ட் பாண்ட் ‘வேகன் ட்ரெயி’னிலும், பிரென்னன் ‘தி ரியல் மெக்காய்ஸ்’ஸிலும், ஆக்னஸ் மூர்ஹெட் ‘பிவிட்ச்ட்’டிலும் நடித்தார்கள்.

1950களின் நடுவில் ஸ்டுடியோக்கள் தங்கள் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றன. இரவுதோறும் அவை ஒளிபரப்பாக, ஒரு வாரத்தில் மூன்று படங்களில் அதே முகத்தைப் பார்த்த புதிய தலைமுறை ‘இவர் யார்?’ என்று கேட்கத் தொடங்கியது. 1967இல் வாரன் மேயர்ஸ் வெளியிட்ட படத்தொகுப்பின் தலைப்பே ‘ஹூ இஸ் தட்?’. 1969இல் ‘தி வெர்சடைல்ஸ்’, 1985இல் டேவிட் குயின்லனின் அகரவரிசைக் கையேடு என நூல்கள் தொடர்ந்தன. 1994இல் தொடங்கிய டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசை இந்த ரசனைக்கு நிரந்தர இடம் தந்தது.

பணம் மட்டும் முகங்களைத் தேடி வரவில்லை. 1960இல் வேலைநிறுத்தம் செய்த நடிகர் சங்கம், அதற்கு முந்தைய படங்களுக்கான மறுஒளிபரப்பு ஊதியத்தை விட்டுக்கொடுத்து, பதிலாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு 22.5 லட்சம் டாலர் பெற்றது. ஒன்றிரண்டு முன்னணிப் படங்களால் அறியப்பட்டவர்களைவிட, நூறு படங்களில் நடித்தவர்களுக்கே இந்த உடன்பாட்டில் இழப்பு அதிகம்.